தலைகீழாகும் 'என்றால்': தருக்கத் தேர்வு வினாக்களில் ஒரு பிழை

சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஷார்ஜாவில் இருக்கும் நண்பர் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். நண்பரின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்தியாவில் சட்டம் படிக்க வேண்டும் என்று கிளாட் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு தாளை நீட்டினாள்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. இதுல தப்பே இல்லைங்கிறார் அப்பா."

வினாவைத் தயாரித்தவர் அவளுடைய டியூஷன் ஆசிரியர். உள்ளூர்ச் சரக்கை வைத்தே கேள்வி செய்பவர் போலும். வினா இதுதான்:

"ஒரு நிறுவனத்தில் ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவர் என்றால் அவருக்குப் பணிக்கொடை உண்டு. இவருக்குப் பணிக்கொடை கிடைத்திருக்கிறது. ஆகவே இவர் ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவர். இந்த வாதத்தில் உள்ள அதே குறை கீழ்க்கண்டவற்றுள் எதில் உள்ளது?"

நண்பர் சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார். "பதினாறு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். ஒரு வருஷம் முடிக்காம எவனுக்கு கிராஜுவிட்டி குடுத்தான்? இதுல என்ன குறை?"

சட்டப்படி நண்பர் சொல்வது சரி. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐக்கிய அரபு அமீரகத் தொழிலாளர் சட்டப்படி (2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் ஆணைச் சட்டம்), ஓராண்டு நிறைவு செய்த வெளிநாட்டு ஊழியருக்கே பணிக்கொடை கேட்கும் உரிமை வருகிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் ஆண்டுக்கு 30 நாள். இது தெரியாத வளைகுடாவாசி கிடையாது. ஆசிரியர் கண்ணியை வைத்திருப்பதும் சரியாக அங்கேதான். முடிவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கொடுக்கப்பட்ட இரண்டு வாக்கியங்களிலிருந்து அந்த முடிவு வரவில்லை. ஓராண்டு வேலை செய்தவருக்கு உண்டு என்று முதல் வாக்கியம் சொல்கிறது. மற்றவருக்குக் கிடையாது என்று எங்கும் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் ஊர் திரும்பும் ஊழியருக்கு முதலாளி மனமுவந்து ஒரு தொகையைக் கொடுத்திருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகிவிடாது. மீதியை நண்பர் தன் பதினாறு வருட அனுபவத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டார்.

தருக்கத் தேர்வுகளில் மிக அதிகம் பேரை வீழ்த்தும் பிழை இதுதான் என்பது என் எண்ணம். கிளாட் மட்டுமல்ல, 2011 முதல் இந்தியக் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளிலும் தருக்க வினாக்கள் உண்டு. ஜிமேட்டில் உண்டு. அமெரிக்க, கனடா சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வு 2024 ஆகஸ்டில் தன் புகழ்பெற்ற புதிர்ப் பகுதியைக் கைவிட்ட பிறகு, வாதங்களை எடைபோடும் வினாக்களுக்கு அங்கே மதிப்பு கூடிவிட்டது.

'அ என்றால் ஆ' என்று ஒரு வாக்கியம் இருந்தால் அதை மூன்று விதமாகப் புரட்டலாம்.

திருப்பிப் போடலாம்: 'ஆ என்றால் அ'. பள்ளிக்கூட வடிவியலில் 'மறுதலை' என்று படித்தது இதைத்தான். இரண்டு பக்கமும் 'இல்லை' சேர்க்கலாம்: 'அ இல்லை என்றால் ஆ இல்லை'. இரண்டையும் ஒருசேரச் செய்யலாம்: 'ஆ இல்லை என்றால் அ இல்லை'. மூன்றில் கடைசி ஒன்றுதான் மூல வாக்கியத்திலிருந்து தப்பாமல் வரும். முதலிரண்டும் வரா. பணிக்கொடை வினா முதல் வகைப் பிழை. தேர்வுத்தாளில் தவறான வாதமாக வருபவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். பெயர் மாறும், கதை மாறும், புரட்டு மாறாது.

இதையெல்லாம் அரிஸ்டாட்டிலின் வாரிசுகள் நமக்குச் சொல்லிக்கொடுத்ததாகத்தான் பொறியியல் கல்லூரியில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னாளில் மணிமேகலையின் 29ஆவது காதையைப் படித்தபோது வெட்கமாகப் போய்விட்டது. 'தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை' என்பது அதன் பெயர். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த தருக்கத்தைப் பாடமாகவே நடத்துகிறார். கதையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இந்தக் காதையைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். கலைச்சொற்கள் அப்படி மிரட்டும். ஆனால் மென்பொருள்காரனுக்கு அது சொந்த ஊர்.

நல்ல வாதத்துக்கு அடிகள் தரும் உதாரணம் எளிமையானது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனெனில் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது அன்னுவயம். நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை, நீரில் போல என்பது வெதிரேகம். மேலே சொன்ன 'தப்பாமல் வரும்' மூன்றாம் வடிவம்தான் இந்த வெதிரேகம்.

பிறகு போலிகளை வகுக்கிறார். பக்கத்தில் 9, ஏதுவில் 14, எடுத்துக்காட்டில் 10, ஆக 33. எடுத்துக்காட்டுப் போலிகளில் 'விபரீதான்னுவயம்' என்று ஒன்று வருகிறது. ஒலி நிலையற்றது, ஏனெனில் அது செய்யப்பட்டது என்று ஒருவர் வாதிடுகிறார். அவர் சொல்லியிருக்க வேண்டியது, 'எது எது செய்யப்பட்டதோ அது நிலையற்றது' என்பது. அதை விட்டுவிட்டு 'எது எது நிலையற்றதோ அது செய்யப்பட்டது' என்று சொல்லிவிட்டால் அது விபரீதான்னுவயம். ஷார்ஜா டியூஷன் ஆசிரியரின் வினா அச்சு அசலாக இதே விபரீதம். இன்னொன்று 'விபரீத வெதிரேகம்': 'ஆ இல்லாத இடத்தில் அ இல்லை' என்று சொல்ல வேண்டியவர் 'அ இல்லாத இடத்தில் ஆ இல்லை' என்று இடம் மாற்றிச் சொல்வது. இரண்டு புரட்டுகளுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி உதாரணம்.

வடமொழியிலுள்ள நியாயப்பிரவேசத்தின் பட்டியலும் இதுவும் வெகு நெருக்கமாக ஒத்துப்போகின்றன. எது முந்தியது என்பதில் ச. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் மணிமேகலை பற்றி நூல் எழுதிய காலந்தொட்டு வழக்கு நடக்கிறது. நமக்கு வேண்டியது அடிகள் சொல்லும் காரணம். புகை, 'செய்யப்பட்டது' போன்ற சிறியதை அவர் வியாப்பியம் என்கிறார். நெருப்பு, 'நிலையற்றது' போன்ற பெரியதை வியாபகம் என்கிறார். வியாபகம் என்பது பரந்து மூடுவது, வியாப்பியம் மூடப்படுவது. வியாப்பியத்தைக் கொண்டு வியாபகத்தை அறியலாம். வியாபகத்தைக் கொண்டு வியாப்பியத்தை அறிய முடியாது. ஏனென்றால் வியாபகம் வியாப்பியம் இல்லாமலும் நிகழும். தேர்வறையில் கையோடு எடுத்துப்போகத் தகுந்த கேள்வி இதுதான்: இங்கே எது எதை மூடுகிறது? மூடுவது தனியாக நிற்க முடியுமா?

அதே காதையில் கழுதை ஒன்றும் வருகிறது. இரண்டு பொருளை ஓரிடத்தில் சேர்த்துப் பார்த்ததாலேயே ஒன்றைக் கொண்டு மற்றதை அனுமானிக்கலாம் என்றால், ஒருமுறை கழுதையையும் கணிகையையும் சேர்த்துப் பார்த்தவன் அடுத்தமுறை கழுதையைக் கண்டதும் கணிகை வந்திருப்பதாக முடிவு கட்ட வேண்டுமே என்கிறது. இரண்டும் சேர்ந்து இல்லாமல்போனதைக் கண்டதும் போதாது. கழுதையின் பிடரியில் நாய்வாலும் இல்லை, நரிவாலும் இல்லை. அதை வைத்து வேறோர் இடத்தில் நரிவாலைக் கண்டு நாய்வாலை அனுமானிக்க முடியுமா? தருக்கப் பாடத்தில் இவ்வளவு குறும்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார். அந்த நூலின் உதாரணம் ஒன்று நம் காரியத்துக்கு இன்னும் பொருந்தும். 'மலையில் புகை இருக்கிறது, ஏனெனில் நெருப்பு இருக்கிறது' என்று யாராவது தலைகீழாகச் சொன்னால், அங்கே சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று ஒளிந்திருக்கிறது: ஈர விறகு. நெருப்போடு ஈர விறகும் சேர்ந்தால்தான் புகை. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. இந்த ஒளிந்த நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். குறையுள்ள வாதத்தைக் கண்டால் ஈர விறகைத் தேடுவது என் பழக்கமாகிவிட்டது.

இவ்வளவு பழைய பிழையை இன்னும் ஏன் செய்கிறோம்? வாசகர்கள் ஒரு நிமிடம் செலவழித்து இதைச் செய்து பார்க்கலாம். மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உங்களுக்குத் தெரியும் பக்கங்களில் இருப்பவை: அ, க, 4, 7. 'ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண்' என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எந்தெந்த அட்டைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும்?

பீட்டர் வேசன் என்ற ஆங்கில உளவியலாளர் 1966இல் வெளியிட்ட சோதனையின் தமிழ் வடிவம் இது. 'அ', '4' என்பதே பெரும்பாலோர் விடை. சரியான விடை 'அ', '7'. 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்தது. 4இன் பின்னால் என்ன இருந்தாலும் விதிக்குச் சேதமில்லை. இரட்டைப்படை எண் உயிரெழுத்துக்கு மட்டும் சொந்தம் என்று யாரும் சொல்லவில்லையே. வேசனும் ஜான்சன்-லேர்டும் 1970இல் தொகுத்த கணக்கில் 128 பேரில் சரியான இரண்டு அட்டைகளை மட்டும் எடுத்தவர்கள் 5 பேர். எல்லோரும் படித்தவர்கள்தாம். நானும் முதல் தடவை 4ஐத் திருப்பியவன்தான்.

இப்போது அதே வினாவை இந்த ஊர் வெயிலுக்குக் கொண்டுவருகிறேன். அமீரகத்தில் 2005 முதல் கோடைக்கால நண்பகல் ஓய்வு விதி இருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 மணிவரை திறந்த வெயிலில் தொழிலாளர்களை வேலை வாங்கக் கூடாது. மீறினால் ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹம் வீதம், அதிகபட்சம் 50,000 திர்ஹம் அபராதம். நீங்கள் ஆய்வாளர். ஜூலை மாதம். நான்கு தொழிலாளர்களைப் பற்றிய நான்கு அட்டைகள்; ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் அவர் இருந்த இடம். தெரிவன: '1:15', '4:00', 'நிழலில்', 'வெயிலில் வேலை'. எவற்றைத் திருப்புவீர்கள்?

யோசிக்கவே வேண்டாம். 1:15க்கு அந்த ஆள் எங்கே இருந்தார் என்று பார்க்க வேண்டும்; வெயிலில் வேலை செய்தவர் எந்த நேரத்தில் செய்தார் என்று பார்க்க வேண்டும். நான்கு மணிக்காரரைப் பற்றிக் கவலையில்லை, நிழலில் இருந்தவரைப் பற்றியும் கவலையில்லை. எழும்பும் கணக்கு முன்னதுதான், ஆனால் கை தானாகச் சரியான அட்டைக்குப் போகிறது. கிரிக்ஸ், காக்ஸ் இருவரும் 1982இல் மது அருந்தும் வயதை வைத்து இதே போன்ற வினாவைக் கேட்டபோது ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்கள்.

1985இல் பாட்ரிசியா செங், கீத் ஹோலியோக் செய்த சோதனை விமான நிலையங்களில் பாதி ஆயுளைக் கழிக்கும் நமக்கென்றே செய்ததுபோல் இருக்கும். மணிலா விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியாக உங்களைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். படிவத்தின் ஒரு பக்கம் 'நாட்டுக்குள் நுழைபவர்' என்று இருந்தால் மறுபக்க நோய்ப் பட்டியலில் காலரா இருக்க வேண்டும். விதியை வெறுமனே சொன்னபோது பலர் தடுமாறினார்கள். அந்தப் பட்டியல் பயணி போட்டுக்கொண்ட தடுப்பூசிகளின் பட்டியல், நோய் உள்ளே வராமல் காக்கத்தான் இந்த விதி என்று காரணத்தைச் சொன்னதும் சரியான விடைகள் வெகுவாகக் கூடின. ஹாங்காங் மாணவர்களிடமும் மிச்சிகன் மாணவர்களிடமும் இதே கதை. காரணம் தெரிந்த விதியில் நமக்கு 'என்றால்' புரிகிறது. வெற்று எழுத்தும் எண்ணுமாக வந்தால் புரிவதில்லை.

ஆகவே தேர்வறையில் எழுத்தும் எண்ணுமாக வினா வந்தால், அதை யாரோ ஒருவர் மீறக்கூடிய சட்டமாக மாற்றிக்கொள்ளுங்கள். நண்பர் மகளுக்கு நான் சொன்ன முதல் யோசனை இது. உடனே வேலை செய்தது.

அன்றாடப் பேச்சின் பழக்கமும் நம்மை இழுக்கிறது. "தொண்ணூறு மார்க் வாங்கினா சைக்கிள் வாங்கித் தரேன்" என்று அப்பா சொன்னால், எண்பது வாங்கிய பையன் சைக்கிள் கிடையாது என்று புரிந்துகொண்டு முகத்தைத் தொங்கப்போடுகிறான். தருக்கப்படி அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் பையன் புரிந்துகொண்டதுதான் சரி. மார்க் எவ்வளவானாலும் சைக்கிள் உண்டு என்றால் அப்பா தொண்ணூறைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய அவசியமே இல்லையே. மைக்கேல் கைஸ், அர்னால்ட் ஸ்விக்கி என்ற மொழியியலாளர்கள் 1971இல் இதை எழுதினார்கள்: சாதாரணப் பேச்சில் 'என்றால்' தன் மறுபாதியையும் அழைத்துக்கொண்டு வருகிறது. நல்ல கேட்பாளர் சொல்லாததையும் சேர்த்துக் கேட்பவர். தேர்வு எழுதுகிறவர் அந்த நல்ல குணத்தை மூன்று மணி நேரத்துக்கு வாசலில் கழற்றி வைக்க வேண்டும்.

மறுபாதியையும் வாய்விட்டுச் சொல்லும் விதிகள் உண்டு. ரமலான் 29ஆம் நாள் மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதையும் பூர்த்தி செய்து அதற்கடுத்த நாள். இரண்டு கிளையும் சொல்லப்பட்டுவிட்டன. யாரும் எதையும் நிரப்ப வேண்டியதில்லை. நிரல் எழுதுபவர்களுக்கு இது பழக்கம். 'இல்லாவிட்டால்' கிளையை எழுதாமல் விட்டால் கணினி அந்த இடத்தில் எதையும் செய்யாது, நம் மனத்தில் இருந்ததை ஊகிக்காது. தேர்வுத்தாளும் அந்த ஜாதிதான்.

தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் மொழி இந்த வேறுபாட்டை ஒரு சின்ன இடைச்சொல்லில் வைத்திருக்கிறது. 'கதவு மூடினால் ரயில் புறப்படும்', 'கதவு மூடினால்தான் ரயில் புறப்படும்' என்ற இரண்டையும் பாருங்கள். முதல் வாக்கியத்தில் கதவு மூடுவது போதுமான நிபந்தனை. இரண்டாவதில் அது தேவையான நிபந்தனை மட்டுமே. கதவு மூடியும் சிக்னல் விழாமல் துபாய் மெட்ரோ நிற்கலாம். ஒரு 'தான்' வந்ததும் எது எதை மூடுகிறது என்பது தலைகீழாகிவிடுகிறது. 'கதவு மூடினால்தான் புறப்படும்' என்பதன் சரியான பெயர்ப்பு 'ரயில் புறப்பட்டது என்றால் கதவு மூடியிருக்கிறது' என்பதே. பேச்சில் 'தான்' நமக்குத் தவறுவதே இல்லை. ஆங்கிலத்தில் 'ஒன்லி இஃப்' என்று வந்தால் அந்த 'ஒன்லி'யைப் பார்க்காமல் 'இஃப்' மட்டும் கண்ணில் படுகிறது. 'அன்லெஸ்' வந்தால் அதைவிட மோசம். 'கட்டணம் கட்டினால் ஒழிய ரசீது வராது' என்று 'ஒழிய' போட்டு மனத்துக்குள் படியுங்கள். ரசீது வந்தால் கட்டணம் கட்டியாகிவிட்டது. கட்டணம் கட்டினால் ரசீது வந்தே தீரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தமிழர்கள் தமிழில் யோசித்தால் மதிப்பெண் கூடும் இடம் இது என்று அடித்துச் சொல்வேன்.

இதெல்லாம் தேர்வுக்கு மட்டுமான விளையாட்டு இல்லை. வளைகுடாவுக்கு வரும் இந்தியத் தொழிலாளி கடக்கிற முதல் வாசலே ஒரு 'என்றால்'தான். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், சிலர் வேலைக்காக வெளிநாடு போகுமுன் அரசின் அனுமதி பெற வேண்டும். அமீரகம், சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் உட்பட 18 நாடுகளுக்கு இது பொருந்தும். பத்தாம் வகுப்புத் தேறியவர் என்றால் அந்த அனுமதி தேவையில்லை. இதைக் கேட்டதுமே ஊரெல்லாம் தலைகீழாகப் பரவுவது: 'பத்தாவது தேறாதவர் என்றால் அனுமதி தேவை'. அறவண அடிகள் கேட்டால் விபரீத வெதிரேகம் என்பார். விலக்கு பெறுவதற்குப் பத்தாம் வகுப்பு ஒரு வழி, அவ்வளவுதான். 50 வயதைக் கடந்தவருக்கும் விலக்கு உண்டு. வருமான வரி கட்டுபவருக்கு உண்டு. ஏற்கெனவே வெளிநாட்டில் மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்தவருக்கு உண்டு.

எங்கள் ஊர்ப்பக்கம் பெரியவர் ஒருவர். ஐம்பத்திரண்டு வயது, எட்டாம் வகுப்பு. முன்பு சவூதியில் ஒன்பது வருடம் கொத்தனாராக இருந்தவர். மறுபடி கிளம்பியபோது ஒரு ஏஜெண்ட், "பத்தாவது பாஸ் இல்லைல்ல, கிளியரன்ஸ் வாங்கணும், அதுக்குத் தனியா செலவாகும்" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார். பெரியவருக்கு வயதாலும் விலக்கு, ஒன்பது வருட அனுபவத்தாலும் விலக்கு. ஒன்றுக்கு இரண்டு வழி திறந்திருந்தது. யாரோ ஒருவர் 'அது ஒன்றுதான் வழியா?' என்று கேட்டிருந்தால் போதும். நான் விவரம் கேள்விப்பட்டபோது அவர் தம்மாமில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமாகியிருந்தது. பணம் போனது போனதுதான்.

குடும்ப விசா பற்றிய பேச்சில் மறுதிசைப் பிழையைக் கேட்கலாம். 2019இல் அமீரகம் தொழிலைப் பார்க்காமல் வருமானத்தைப் பார்க்கும் முறைக்கு மாறியது. மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். 'நாலாயிரம் இருந்தா ஃபேமிலியக் கொண்டுவந்துடலாம்' என்று அறைத் தோழர்கள் கணக்குப் போடுவார்கள். நாலாயிரம் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும் என்பது விதி. சான்றொப்பமிட்ட திருமணச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு என்று ஈர விறகு நிறைய இருக்கிறது. 'தான்' போன இடத்தில் எத்தனை பேர் டிக்கெட்டை முன்கூட்டிப் போட்டுவிட்டு நின்றிருக்கிறார்கள்!

எச்சரிக்கை ஒன்று. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கப் பழகியவர்களுக்கு எல்லா இடத்திலும் அது தெரிய ஆரம்பித்துவிடும். வீட்டில் மரியாதை குறையும். பின்னாலிருந்து முன்னால் போகிற சிந்தனை முழுவதும் தவறு என்று ஒதுக்க முடியாது. காய்ச்சலைப் பார்த்து டெங்குவாக இருக்குமோ என்று மருத்துவர் ஐயப்படுவதும் வியாபகத்தைக் கொண்டு வியாப்பியத்தைத் தேடுவதுதான். ஐயமாக வைத்துக்கொண்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுக்கும்வரை அது நல்ல வைத்தியம். எனக்கே நடந்தது. 'சர்வர் விழுந்தால் பக்கம் திறக்காது. பக்கம் திறக்கவில்லை.' இரவு இரண்டு மணிக்கு இதை வைத்து மூன்று சர்வர்களை அணைத்து எழுப்பினேன். பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. சர்வர்கள் மூன்றும் கல்லுப்போல நன்றாகத்தான் இருந்தன, நான் கைவைக்கும்வரை.

ஷார்ஜா வினாவுக்கு வருகிறேன். ஆசிரியர் கொடுத்திருந்த நான்கு தெரிவுகள்:

(அ) குளிர்சாதனம் ஓடினால் அறை குளிரும். அறை குளிரவில்லை. ஆகவே குளிர்சாதனம் ஓடவில்லை.

(ஆ) ஓராண்டு நிறைவு செய்யாதவர் என்றால் அவருக்குப் பணிக்கொடை இல்லை. இவருக்குப் பணிக்கொடை கிடைத்திருக்கிறது. ஆகவே இவர் ஓராண்டு நிறைவு செய்தவர்.

(இ) மூடுபனி இருந்தால் விமானம் தாமதமாகும். விமானம் தாமதமாகிவிட்டது. ஆகவே மூடுபனி இருந்திருக்கிறது.

(ஈ) மழை பெய்தால் சாலை நனையும். மழை பெய்யவில்லை. ஆகவே சாலை நனைந்திருக்காது.

நண்பர் தட்டைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டு (ஆ) என்றார். அதே பணிக்கொடை, அதே முடிவு, ஒத்துப்போகிறதே! இந்த வகை வினாவில் பேசுபொருள் ஒத்திருக்கும் தெரிவை முதலில் சந்தேகப்பட வேண்டும். (ஆ)வில் குறையே இல்லை. நண்பர் தன் அனுபவத்திலிருந்து நிரப்பிய வாக்கியத்தை ஆசிரியர் அங்கே முதல் வாக்கியமாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். (அ)வும் முறையான வாதம். அறைச் சாளரம் திறந்திருந்தால் என்று நாம் இழுக்கலாம். ஆனால் அது முதல் வாக்கியத்தோடு சண்டை, வாதத்தோடு இல்லை. (ஈ) குறையுள்ளதுதான், வேறு குறை. இரண்டு பக்கமும் 'இல்லை' போட்ட வகை. இந்த ஊரில் மழை பெய்யாமலே சாலையோரம் நனைந்திருக்கும், பேரீச்சைகளுக்கும் பூச்செடிகளுக்கும் பாயும் தண்ணீரால். மூலத்தைப் போலவே திருப்பிப் போட்டது (இ).

"அப்போ மூடுபனி இல்லாமலும் ஃபிளைட் லேட்டாகும்கிறே," என்றார் நண்பர் மகளிடம்.

"போன தடவை திருச்சிக்கு எத்தனை மணி நேரம்பா லேட்டு? பனியா இருந்தது?"

ஆகஸ்டு மாதம் அது. நண்பர் மறுபேச்சில்லாமல் ரசம் ஊற்றிக்கொள்ளப் போய்விட்டார்.